பழைய மோட்டார் வண்டியின் மின்னேற்றமும் பற்றவைப்பும்

மொறிஸ் மைனர் என்னும் சிறு காரை அறியாதவர் இந்நாட்டில் மிகச் சிலரே. அலெக் இசிகோனிஸ் வகுத்த திட்டப்படி 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த அவ்வண்டியின் உற்பத்தி 1971 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் அதனைப் பேணி ஓட்டுவோர் இலங்கையில் இன்றும் உளர். அவருட் சிலருக்கு அது பொழுதுபோக்கு. வேறு சிலருக்கோ வீட்டுக்கு வாய்த்த ஒரே வண்டி. இன்னுஞ் சிலருக்கு அதுவே பிழைப்பு.

இவ்வாறான வண்டிகளை வைத்திருப்போர் அடிக்கடி கூறும் முறைப்பாடுகள் இரண்டு. "பற்றறி நிற்குதில்லை" என்பது ஒன்று. "எஞ்சின் இழுக்குதில்லை" என்பது மற்றொன்று. முன்னையது மின்னேற்றம் பற்றியது; பின்னையது பற்றவைப்புப் பற்றியது. இவை இரு வேறு நோய்கள் எனினும், ஒன்று மற்றொன்றின் வேடம் பூண்டு வருவதுண்டு. வேடத்தைக் கண்டு மயங்கி நோயல்லாத இடத்தில் மருந்திடுவோர், கைப்பொருளையும் இழந்து எஞ்சினையும் கெடுத்துக் கொள்கின்றனர். யான் பொறியியல் கற்றவன் அல்லேன். கலைப்பட்டம் பெற்ற ஆசிரியன். ஆனால் இவ்வண்டியின் மின்முறையை விளங்கிக்கொள்ளப் பாடசாலை விஞ்ஞானமும் சிறிது பொறுமையுமே போதும்.

முதலில் மின்னேற்றத்தை நோக்குவோம். காரின் பற்றறி மின்னை உண்டாக்குவதன்று. சேமித்து வைப்பதே அதன் தொழில். மின்னை உண்டாக்குவது டைனமோ. கம்பிச் சுருளொன்று காந்தப் புலத்திற் சுழலும்போது அதில் மின் பிறக்கும் என்பது 1831 ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்ட உண்மை. எஞ்சின் சுழலும்போது, அதன் முகப்பில் உள்ள ரப்பர்ப் பட்டியாகிய பான் பெல்ற் டைனமோவையும் சுழற்றுகின்றது. சுழற்சி மிகுந்தால் மின்னழுத்தமும் மிகும். குறைந்தால் அதுவுங் குறையும்.

இதனால் இரண்டு இடர்கள் நேரும். வேகம் கூடினால் அளவிறந்த மின் பாய்ந்து பற்றறி கொதிக்கும். வேகம் குறைந்தால், பற்றறியில் உள்ள மின் டைனமோவுக்கே திரும்பி ஓடி வீணாகும். இவ்விரண்டையுந் தடுக்கவே எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புத் தகட்டில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தப்பட்டுள்ளது. அதனுள் இரு மின்காந்தங்கள் இருக்கும். ஒன்று டைனமோவின் காந்தப் புலத்தைத் தேவைக்கேற்ப மெலிவித்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். 'கற்றவுட்' எனப்படும் மற்றையது வாயிற்காவலனைப் போன்றது. டைனமோவின் அழுத்தம் ஏறக்குறைய 13 வோற்றை எட்டியதும் கதவைத் திறந்து மின்னைப் பற்றறிக்குச் செல்லவிடும். அழுத்தம் தாழ்ந்ததும் கதவை அடைத்துவிடும்.

வண்டியின் முகப்பிலே சிறிய சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அதன் பொருளைப் பலர் பிழையாக விளங்கிக் கொள்கின்றனர். அவ்விளக்கின் ஒரு முனை பற்றறியின் பக்கமும் மறுமுனை டைனமோவின் பக்கமும் இணைக்கப்பட்டுள்ளன. இரு பக்கத்து அழுத்தமும் ஒத்திருந்தால் விளக்கு அணையும், வேறுபட்டால் எரியும். ஆகவே எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது மினுக்குவது குற்றமன்று. வேகங் கூடிய பின்னும் அணையாதிருந்தால், பெல்ற் அறுந்திருக்கலாம்; அல்லது டைனமோ மின்னைத் தராதிருக்கலாம். வேகங் கூடக்கூட மங்கலாக எரிந்தால், கற்றவுட்டின் தொடுமுனைகளிலோ யாதேனும் ஓர் இணைப்பிலோ அழுக்குப் படிந்திருத்தல் வேண்டும். சாவியைத் திருப்பியபோது விளக்கு எரியவே இல்லையெனின், எல்லாம் நலம் என்று மகிழ வேண்டா, குமிழ் கருகியிருக்கலாம். எச்சரிப்போன் உறங்கிவிட்டான் என்பதே அதன் பொருள்.

சோதனைக்கு ஒரு வோற்றுமானி போதும். நன்கு மின்னேறிய பற்றறி ஓய்விலிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோற்றுக் காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் அது 13ஐத் தாண்டி 14 அளவுக்கு உயர வேண்டும். உயராவிடின் பெல்ற்றைப் பாருங்கள். அதன் நீண்ட பகுதியின் நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் அது வழுக்குகின்றது.

பெல்ற் சரியெனின் டைனமோவைச் சோதிக்க வேண்டும். அதிலுள்ள இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, அவ்விரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் ஒன்றாக இணைத்து, அதற்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோற்றுமானியை வைத்து, எஞ்சினின் வேகத்தை மெல்லக் கூட்டுக. மானியின் முள் தயக்கமின்றி உயர்ந்தால் டைனமோ நலமாக உள்ளது. குறை பெட்டியிலோ கம்பிகளிலோ உளது. முள் 20 வோற்றைத் தாண்ட இடங்கொடுத்தல் ஆகாது. ஒரு வோற்றளவில் நின்றுவிட்டால் காந்தப்புலச் சுருள் பழுது. நாலைந்து வோற்றில் நின்றால் சுழலும் சுருளாகிய ஆமேச்சரை ஐயுற வேண்டும். முள் அசையவே இல்லையெனின், கரித்துண்டுகள் தேய்ந்தனவா, சிக்கிக் கொண்டனவா என்று முதலிற் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லல் வேண்டும். அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றிற் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. இக்காலக் கார்களில் இணைக்கப்படுவது எதிர்முனை. இதனை அறியாதார் புதுப் பற்றறியை மாறிப் பூட்டிவிட்டால், டைனமோவும் பற்றறியும் ஒன்றையொன்று எதிர்த்துப் பெருமின் பாயும். கற்றவுட்டின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆதலாற் பற்றறியைக் கழற்றுமுன் எந்த முனை உடலோடு சேர்ந்துள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்னேறும் பற்றறியில் ஐதரசன் வாயு எழும் என்பதையும் நினைவிற் கொண்டு, அதன் அருகே தீக்குச்சியையோ சுருட்டையோ கொண்டு செல்லாதிருங்கள்.

இனிப் பற்றவைப்புக்கு வருவோம். சார்ள்ஸ் கெற்றறிங் என்னும் அமெரிக்கர் 1910 ஆம் ஆண்டளவில் வகுத்த முறையே இவ்வண்டிகளிலும் உளது. பற்றறியின் 12 வோற்று மின் தூண்டற் சுருளின் முதற்சுற்றிற் பாய்ந்து காந்தத்தை உண்டாக்குகின்றது. 'பொயின்ற்' என்று நம் கறாச்சுக்காரர் கூறும் தொடுமுனைகள் திறந்ததும் அக்காந்தம் திடீரென மறைய, இரண்டாஞ் சுற்றிலே பல்லாயிரம் வோற்று எழுந்து, பிளக்கின் முனையிற் பொறியாகப் பாய்கின்றது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது செக்கனுக்கு 100 பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றும் தனக்குரிய கணத்திலேயே எழுதலும் வேண்டும்.

அக்கணம் எது? பிஸ்ரன் மேலெல்லையை அடைவதற்குச் சற்று முன். எரிவாயுக் கலவை ஒரே நொடியில் வெடித்து முடிவதன்று. தீ பரவச் சிறிது நேரம் செல்லும். பிஸ்ரன் மேலெல்லையைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்குகையில் அழுத்தம் முழுமை பெற வேண்டுமாயின், தீயை முன்னரே மூட்ட வேண்டும். ஊஞ்சலைத் தள்ளுவோர் அது திரும்புங் கணத்தையறிந்து தள்ளுவர் அல்லவா? முந்தித் தள்ளினால் கையில் அடி விழும். பிந்தித் தள்ளினால் ஊஞ்சல் எழாது. எஞ்சினும் அவ்வாறே. பொறி மிக முந்தினால், மேட்டில் ஏறும்போது உலோகத்தைத் தட்டுவதுபோன்ற ஓசை எழும். கைப்பிடியாற் சுற்றித் தொடக்குவோருக்கு அக்கைப்பிடி பின்னோக்கி உதைத்து மணிக்கட்டை முறித்தலுங் கூடும். இதனாலேயே பெருவிரலைக் கைப்பிடியின் மறுபுறஞ் சுற்றாது, ஏனைய விரல்களின் பக்கமே வைக்கவேண்டும் என்று மூத்தோர் சொல்லிவைத்தனர். பொறி பிந்தினால், எஞ்சின் வலிமை குன்றும், சூடேறும், எண்ணெய்ச் செலவு மிகும்.

ரைமிங்கைத் திருத்தப் புகுமுன் பொயின்றின் இடைவெளியைத் திருத்துக. இம்முறை மாறலாகாது. இவ்வண்டிக்கு அவ்விடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வரை. இடைவெளி கூடினால் முனைகள் முந்தித் திறக்கும். குறைந்தாற் பிந்தித் திறக்கும். நாளடைவிற் பொயின்றின் குதி தேய்ந்து இடைவெளி குறைய, ரைமிங்கும் தானாகவே பிந்திப் போகின்றது. ஆகவே இடைவெளியைத் திருத்திய அளவில், "எஞ்சின் இழுக்குதில்லை" என்னும் முறைப்பாடு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதன்பின், முதலாஞ் சிலிண்டர் கலவையை நெருக்கி முடிக்குந் தறுவாயில், கிராங்கின் கப்பியிலுள்ள வெட்டு, எதிரேயுள்ள குறிமுனைகளில் உங்கள் எஞ்சினுக்குக் கைந்நூல் விதித்த பாகைக்கு நேரே வருமாறு சுற்றி நிறுத்துங்கள். அக்குறிமுனைகளுள் ஒன்று மேலெல்லையையும், ஏனைய இரண்டும் அதற்கு முன்னுள்ள 5, 10 பாகைகளையுங் காட்டும். டிஸ்ரிபியூற்றரின் தாழ்அழுத்த முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே 12 வோற்றுக் குமிழொன்றை இணைத்து, சாவியைத் திருப்புங்கள். டிஸ்ரிபியூற்றரின் பிடியைத் தளர்த்தி மெல்லத் திருப்பும்போது, குமிழ் ஒளிருங் கணமே பொயின்ற் திறக்குங் கணம். அவ்விடத்தில் இறுக்கிவிடுங்கள். உள்ளே சுழலுங் கை சுற்றுந் திசைக்கு எதிராகத் திருப்பினால் ரைமிங் முந்தும். அதே திசையில் திருப்பினாற் பிந்தும்.

ரைமிங்கும் எரிபொருளும் எவ்வளவு தொடர்புடையன என்பதை வடபகுதி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த காலத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுவர். மண்ணெண்ணெய் நெருக்கத்தைத் தாங்காது தட்டும் இயல்புடையது; ஆதலாற் பொறியைப் பிந்தச் செய்தல் வேண்டும். அவ்வாறு பிந்தவைத்த வண்டி பெற்றோலுக்குத் திரும்பியபின் ரைமிங் திருத்தப்படாவிடின், அதனைச் சோம்பேறி வண்டி என்பர். குற்றம் வண்டியினுடையதன்று. மின்சாரமும் இல்லாத அந்நாட்களில், சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டோரும் இந்நேயர்களுள் இருப்பீர்கள். டைனமோவின் வேகத்துக்கும் மின்னுக்கும் உள்ள உறவை உங்கள் கையே அறியும்.

இறுதியாக, இரு நோய்களும் ஒன்றாய் வந்த நிகழ்ச்சியொன்றைக் கூறுகின்றேன். பழைய காரை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்திய ஒருவர், ஓராண்டில் இரண்டு பற்றறிகள் வாங்கினார். டைனமோவுக்குப் புதுச் சுருள் சுற்றுவித்தார். எஞ்சின் வலுவிழந்தது என்று ஒருவர் ரைமிங்கை முந்த வைக்க, அது தட்டவுஞ் சூடேறவுந் தொடங்கிற்று. வண்டியை விற்றுவிட எண்ணிய வேளையில், முதிய தொழிலாளி ஒருவர் அவரிடம், "தம்பி, ஸ்ராட் பண்ணேக்கை சோக் கம்பி சுடுகுதோ?" என்று கேட்டார். சுட்டது. எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பின்னற் செப்புப்பட்டை, பூசிய வண்ணத்துக்கு அடியிற் பச்சை பிடித்து இற்றுப்போயிருந்தது. திரும்பிச் செல்ல வழியற்ற மின், சோக் கம்பி வழியே ஓடியது. அதனாலேயே டைனமோவின் மின் பற்றறிக்கு முழுமையாகச் சேரவில்லை. தூண்டற் சுருளுக்கும் போதிய மின் கிடைக்கவில்லை. பட்டையை மாற்றி, ரைமிங்கைப் பழைய குறிக்கே கொணர்ந்ததும் இரு முறைப்பாடுகளும் ஒழிந்தன. எஞ்சினின் உடலுக்கும் பற்றறியின் உடன்முனைக்கும் இடையே வோற்றுமானியை வைத்து ஸ்ராட் செய்திருந்தால், முதல் நாளிலேயே இது வெளிப்பட்டிருக்கும். அங்கே அரை வோற்றுக்கு மேற் காட்டுதல் ஆகாது.

கணக்கிற் பின்தங்கும் பிள்ளையைக் கணக்கறியாதவன் என்று கடிந்துகொள்கின்றோம். கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகின்றதா என்று கேட்பவர் சிலரே. இயந்திரத்தின் திறத்திலும் நாம் செய்வது அதுவே. அளந்து பார்க்குமுன் எதனையும் மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். மலிந்ததையும் எளியதையும் முதலிற் பாருங்கள்: பெல்ற், முனைகள், உடலிணைப்பு, பொயின்றின் இடைவெளி. இவற்றைப் பார்த்து முடிக்க ஒரு காலைப் பொழுது போதும். விலையுயர்ந்த பற்றறியை வாங்குவது அதற்குப் பிந்திய வேலை.