மேலதிக உத்தரவாதம் வேண்டுமா?

பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கச் செல்லும் பெற்றோரிடம், பணம் செலுத்தும் வேளையில் விற்பனையாளர் ஒரு வினாவை எழுப்புவார்: "இன்னும் இரண்டாண்டுக்கு உத்தரவாதம் எடுக்கவில்லையா?" அச்சம் முந்துகிறது, சிந்தனை பிந்துகிறது. விடை கூறுமுன் நாம் கணக்குப் பார்த்தல் நன்று.

உற்பத்திக் குறைகள் பெரும்பாலும் முதற் சில மாதங்களிலேயே தலைகாட்டும். அவற்றை இலவச உத்தரவாதமே ஏற்கும். பின்னர் நேர்வனவற்றுட் பல, கை தவறி விழுதல், தேநீர் சிந்துதல், மின்னல் தாக்குதல் போன்றவை. இவற்றைச் சாதாரண நீட்டிப்பு ஏற்பதில்லை. மின்கலம் தேய்வதையும் பல நிறுவனங்கள் விலக்கிவிடுகின்றன. ஆகவே பற்றுச்சீட்டின் சிறிய எழுத்துக்களை ஊன்றிப் படித்தல் வேண்டும். சில கடைகளில் ஓராண்டு என்பது 350 நாளே என்பதும் அங்கேதான் தெரியவரும்.

நீட்டிப்புக் கட்டணம் 30,000 ரூபா, நேரக்கூடிய திருத்தச் செலவு 60,000 ரூபா எனக் கொள்வோம். அக்காலத்துள் பழுது நேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்றுக்கு மேற்பட்டாலன்றிக் கட்டணம் இலாபந் தராது. அத்தொகையை வங்கியிலிட்டு வைப்போர், பழுது நேராவிடின் அதனை வட்டியோடு பெறுவர்.

எனினும் எல்லார்க்கும் ஒரே விடை பொருந்தாது. கடன்பட்டு வாங்கும் குடும்பம் 60,000 ரூபாவை ஒரேயடியாகத் தேட இயலாதாயின், பிள்ளையின் படிப்பே தடைப்படும். அத்தகையோர் விபத்துச் சேதத்தையும் ஏற்கும் உத்தரவாதத்தைப் பெறுதல் தக்கதே.

எந்த உத்தரவாதமும் கருவியை மட்டுமே மீட்டுத்தரும். அதனுள் அழிந்த ஆய்வேட்டை மீட்டுத்தராது. ஆதலின் மாணவர் தம் எழுத்துக்களுக்கு வேறோரிடத்திலும் பிரதி வைத்துக்கொள்வாராக.