ஸ்னேக்கின் இடத்தில் ரெய்டன்

(தொடர் – 14)

நாயகனை மாற்றிவிட்டுக் கதையைத் தொடர்வது நாவலாசிரியர்களும் திரைக்கதை ஆசிரியர்களும் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் உத்தி என்றாலும், வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தில் அதே உத்தி எழுப்பும் மனக்குறை அளவிலும் தன்மையிலும் வேறுபட்டது. நாவலைப் படிப்பவர் நாயகனின் அருகில் நின்று அவன் செய்வதைக் காண்கிறார். விளையாடுபவரோ அவனைத் தம் விரல்களால் நடக்கவும் பதுங்கவும் சுடவும் வைக்கிறார், அவன் குண்டடிபட்டு விழுந்தால் ‘நான் செத்துட்டேன்’ என்று தன்மை இடத்திலேயே பேசுகிறார். பல இரவுகளின் கைப்பழக்கத்தில் ஊறிய இந்த உறவைப் படைப்பாளியே முன்னறிவிப்பின்றி அறுத்தால் என்ன நிகழும் என்பதற்கு, 2001 நவம்பரில் வெளிவந்த ‘மெட்டல் கியர் சாலிட் 2: சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி’யைவிடத் தெளிவான சான்று இத்துறையின் வரலாற்றில் இல்லை. அந்த விளையாட்டின்மீது ரசிகர்கள் கொண்ட கோபத்தை முதிர்ச்சியற்ற பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. கோபத்துக்கான காரணங்களைப் பொறுமையாக ஆராய்ந்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது.

ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் ஹிடியோ கொஜிமா உருவாக்கிய ‘மெட்டல் கியர்’ 1987-இல் எம்எஸ்எக்ஸ்2 என்ற வீட்டுக் கணினிக்காக வெளிவந்தது. எதிர்ப்படுவோரைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே முன்னேறுவதுதான் போர் விளையாட்டு என்றிருந்த காலத்தில், காவலர் கண்ணில் படாமல் சுவரோரமாகப் பதுங்கிச் செல்வதையே அது விளையாட்டின் சாரமாக்கியது. ‘ஸ்டெல்த்’ என்று இன்று வழங்கும் வகைமை வேரூன்றியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 1990-இல் வந்த அடுத்த பாகத்துக்குப் பின், 1998-இல் பிளேஸ்டேஷனுக்காக முப்பரிமாணத்தில் உருவான ‘மெட்டல் கியர் சாலிட்’தான் அதன் நாயகன் சாலிட் ஸ்னேக்கை உலகறியச் செய்தது. அலாஸ்காவின் ஷேடோ மோசஸ் தீவில் அணு ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றிய கலகப் படையைத் தனியாளாக எதிர்கொள்ளும், களைத்துப்போன, சிகரெட்டை விடாத அந்த உளவு வீரனுக்கு ஜப்பானிய மொழியில் அகியோ ஒட்சுகாவும் ஆங்கிலத்தில் டேவிட் ஹெய்டரும் கரகரத்த குரல் கொடுத்தார்கள்; அந்தக் குரலைத் தவிர வேறெதையும் ஸ்னேக் என்று ரசிகர்கள் ஏற்கத் தயாராக இல்லை.

ஸ்னேக்கும் விளையாடுபவரும் ஒருவரே என்ற உணர்வை அந்த விளையாட்டு திட்டமிட்டே வளர்த்தது. மனத்தைப் படிக்கும் ஆற்றல் கொண்ட சைக்கோ மான்டிஸ் என்ற எதிரி, பதிவுகள் சேமிக்கப்படும் மெமரி கார்டைத் துருவி, விளையாடுபவர் வேறு எந்தெந்தக் கொனாமி விளையாட்டுகளை ஆடியிருக்கிறார் என்று சொல்லிக்காட்டுவான். அவனை வெல்ல, கன்ட்ரோலரின் வயரைக் கருவியின் முதல் துளையிலிருந்து பிடுங்கி இரண்டாம் துளையில் செருக வேண்டும். மின்சாரச் சித்திரவதைக் காட்சியில் ஸ்னேக் பணியாமல் தாக்குப்பிடிக்க ஒரே பொத்தானை வேகமாகத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அது முடிந்ததும் நவோமி என்ற மருத்துவ அறிவியலாளரை ரேடியோவில் அழைத்தால், கன்ட்ரோலரைக் கைமேல் வைத்துக்கொள்ளச் சொல்லி, அதை அதிரவைத்து, வலித்த கைக்கு ஆறுதல் தருவாள். ஸ்னேக்கின் வலி, திரைக்கு இப்பால் அமர்ந்திருப்பவரின் முன்கையில் வந்து முடிகிறது. இப்படிப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள், அடுத்த பாகத்திலும் தாமே ஸ்னேக் என்று எதிர்பார்த்ததில் பேராசை ஏதும் இல்லை.

அந்த எதிர்பார்ப்பை நிறுவனமும் நன்றாகவே ஊட்டி வளர்த்தது. 2000-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் நடந்த இ3 கண்காட்சியில் காட்டப்பட்ட முன்னோட்டத்தில், கொட்டும் மழையில் ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஸ்னேக் ஊர்ந்து செல்வதையும், தோட்டா பட்டுக் கண்ணாடிப் புட்டிகள் நொறுங்குவதையும் கண்டவர்கள், பிளேஸ்டேஷன் 2 என்ற புதிய கருவியை வாங்க அது ஒன்றே போதுமான காரணம் என்று கருதினார்கள். 2001-இல் ‘சோன் ஆஃப் தி எண்டர்ஸ்’ என்ற வேறொரு விளையாட்டோடு, கப்பல் பகுதியின் மாதிரி வட்டு இணைத்து விற்கப்பட்டது. அந்த வட்டுக்காகவே அதை வாங்கியவர்கள் ஏராளம். பின்னர் வந்த முன்னோட்டங்களில், கடல் நடுவே அமைந்த ‘பிக் ஷெல்’ நிலையத்தில் ஹாரியர் போர்விமானத்தை எதிர்த்து ஸ்னேக் போராடுவதாகக் காட்டப்பட்டது. முழு விளையாட்டில் அதே இடத்தில் நின்று அதே விமானத்தோடு போராடியவன் வேறொருவன். அதாவது, நாயகன் மாறப்போவதை நிறுவனம் சொல்லாமல் விட்டதோடு நிற்கவில்லை. மாறாததுபோல் காட்சிகளைத் தயாரித்தும் காட்டியது. ரசிகர்களின் குறையில் மிக வலுவான பகுதி இதுவே.

விளையாட்டின் முதல் பகுதியில் ஸ்னேக்தான் நாயகன். நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து குதித்து, ஹட்சன் ஆற்றில் செல்லும் டேங்கர் கப்பலில் இறங்குகிறான். ஓரிரு மணி நேரத்தில் கப்பல் மூழ்குகிறது, அவனும் நீரோடு மறைகிறான். கதை இரண்டாண்டுகள் தாண்டுகிறது. அந்த விபத்தின் எண்ணெய்க் கசிவைத் தூய்மைப்படுத்த மன்ஹாட்டனுக்கு அருகே கட்டப்பட்ட பிக் ஷெல் நிலையத்தைப் பயங்கரவாதிகள் பிடித்துவைத்திருக்க, முகமூடியணிந்த வீரன் ஒருவன் நீருக்கடியில் நீந்தி அதன் அடித்தளத்தை அடைகிறான். மேலதிகாரியான கர்னல், முந்தைய பாகத்தில் கேட்டுப் பழகிய அதே குரலில், அவனை ‘ஸ்னேக்’ என்றே அழைக்கிறார். பிறகு, பயங்கரவாதிகளின் தலைவனும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டிருப்பதால் சங்கேதப் பெயர் மாற்றப்படுவதாகவும், இனி அவன் ‘ரெய்டன்’ என்றும் அறிவிக்கிறார். மயங்கிக் கிடக்கும் காவலர்களுக்கு அப்பால், யாரோ ஒருவன் லிஃப்டில் ஏறி மேலே போவது தெரிகிறது. அது திரும்பி வரும்வரை விளையாடுபவர் கீழே காத்திருக்க வேண்டும். லிஃப்ட் மேலேறும்போது வீரன் முகமூடியைக் கழற்றுகிறான். வெளிறிய நீண்ட கூந்தல், மென்மையான முகம், இளங்குரல். லிஃப்டில் முன்னே போனவன்தான் ஸ்னேக் என்பது பின்னர் தெரியவருகிறது.

இதன்பின் ஸ்னேக் கதையில் இல்லாமல் போனால்கூட இழப்பு ஒரே தடவையோடு முடிந்திருக்கும். ஆனால் அவன் இராக்குவா பிளிஸ்கின் என்ற பொய்ப்பெயரில் பக்கத்திலேயே நடமாடுகிறான், சிகரெட்டும் குரலும் அவனைக் காட்டிக்கொடுக்கின்றன. தாம் பல ஆண்டுகள் இயக்கிய உடல் தம் ஆணையின்றித் தானே நடப்பதை ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஸ்னேக் முன்பாய்ந்து உருளப் பயன்பட்ட அதே பொத்தானை அழுத்தினால் ரெய்டன் கரணம் அடித்தான். பறவை எச்சத்தை மிதித்தால் வழுக்கி விழுந்தான். விளையாட்டின் நிலையைச் சேமிக்கக் கோடெக்கில் (காதுக்குள் ஒலிக்கும் இரகசிய ரேடியோத் தொடர்பு) அழைத்தால், அவனுடைய காதலி ரோஸ், மறுநாள் என்ன நாள் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டாள். இறுதிக் கட்டத்தில், ஆடைகள் பறிக்கப்பட்ட நிலையில், இரு கைகளாலும் உடலை மறைத்துக்கொண்டு, அதனால் ஆயுதம் ஏந்தவும் முடியாமல், பகைவர் கூடத்தில் அவன் ஓடினான். தம் கையிலிருந்த ஆற்றல் ஒவ்வொன்றாகப் பறிபோவதாக விளையாடியவர்கள் உணர்ந்தது மிகையான கற்பனையல்ல; அந்த உணர்வை உண்டாக்கும்படியே அக்காட்சிகள் அமைக்கப்பட்டிருந்தன.

கோபத்தின் ஒரு பகுதி மதிக்கத் தகாதது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ரெய்டனின் கூந்தலையும் குரலையும் பெண்மைக்குரியவை என்று இழித்துப் பேசியவர்கள் பலர். ஆண்மை என்றால் தாடியும் கரகரப்பும்தான் என்ற குறுகிய எண்ணம் அந்த ஏச்சில் வெளிப்பட்டது. லைபீரிய உள்நாட்டுப் போரில் குழந்தைப் போர்வீரனாக வளர்க்கப்பட்டு, அந்த நினைவுகளைப் புதைத்துவைத்து, காதலியை அறைக்குள் அழைக்கவே அஞ்சி வாழும் ஓர் இளைஞனின் கதையை அவர்கள் கவனிக்கவே மறுத்தார்கள். அவர்கள் இழந்தது பெரிது.

ஸ்னேக்கை வெளியிலிருந்து ஒருவரின் கண்வழியே காட்ட விரும்பியதாகவும், ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன் அமைந்ததுபோல் ரெய்டன் அமைந்ததாகவும் கொஜிமா பிற்காலத்தில் விளக்கம் தந்திருக்கிறார். அந்த விளக்கம் உண்மையின் பாதியே. மீதிப் பாதி விளையாட்டுக்குள் இருக்கிறது. ரெய்டனுக்குப் போர்க்கள அனுபவம் இல்லை என்றே, அவனுடைய சிறுவயது வெளிப்படுவதற்கு முன், கர்னலிடம் பேசும்போது தோன்றுகிறது. ஷேடோ மோசஸ் நிகழ்வை அவன் விஆர் எனப்படும் மெய்நிகர்ப் பயிற்சியில் மட்டுமே, அதாவது கணினித் திரைக்குள் மட்டுமே, நிகழ்த்திப் பார்த்திருக்கிறான். ‘சாலிட்’ வரிசையின் முதல் பாகத்தை விளையாடி முடித்த ரசிகரின் அனுபவமும் அதுவே. பிணைக்கைதிகள், அணு ஆயுத மிரட்டல், பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் சாகும் தகவலாளி, நிஞ்ஜா, சித்திரவதை என முதல் பாகத்தின் நிகழ்ச்சிகள் இரண்டாம் பாகத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கான காரணம் இறுதியில் வெளிப்படுகிறது: ஒரு சாதாரண வீரனை ஸ்னேக்காக வார்த்தெடுக்கப் போடப்பட்ட ஒத்திகை அது. அந்த விளக்கமும் மேற்பூச்சே என்றும், மனிதர்களின் எண்ணங்களையும் தகவல் பெருக்கத்தையும் கட்டுப்படுத்துவதற்கான சோதனையே உண்மையான நோக்கம் என்றும் அடுத்த அடுக்கு திறக்கிறது. இதுவரை ஆணையிட்ட கர்னல் மனிதரே அல்ல, ஒரு செயற்கை அறிவு நிரல்.

ஆகவே, ‘ஸ்னேக்காக இருக்கத்தான் நாங்கள் வந்தோம், அதை மறுத்துவிட்டார்கள்’ என்று முறையிட்ட ரசிகர், தம்மை அறியாமலேயே ரெய்டனின் நிலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெய்டனும் ஸ்னேக்காக இருக்கவே பயிற்றுவிக்கப்பட்டவன்; அவனுக்கும் அந்தப் பெயர் கொடுக்கப்பட்டுப் பறிக்கப்பட்டது; அவனும் யாரோ வகுத்த பாதையில் தன் விருப்பம் என்று எண்ணி நடந்தவன். பிக் ஷெல் பகுதியின் தொடக்கத்தில் ஒரு கணினி முன் விளையாடுபவர் தம் பெயரைப் பதிகிறார். கடைசிக் காட்சியில், நியூயார்க்கின் ஃபெடரல் ஹாலுக்கு வெளியே, ரெய்டனின் கழுத்தில் தொங்கும் படைவீரர் அடையாளத் தகட்டில் அந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. தெரிந்தவர் பெயரா என்று ஸ்னேக் கேட்க, கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லி ரெய்டன் அதைக் கழற்றி எறிகிறான். விளையாடுபவர் ரெய்டனை ஏற்க மறுத்ததற்கு ரெய்டன் தரும் பதில் அது. ரசிகரின் வெறுப்பு இல்லாவிட்டால் அந்தக் காட்சிக்குப் பொருளே இருந்திராது.

இந்த ஆழத்தைத் தொடரின் பிந்தைய பாகங்கள் தக்கவைத்துக்கொள்ளவில்லை. 2004-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ரெய்டனின் சாயலில் ரைகோவ் என்ற பாத்திரம் கேலிப்பொருளாக்கப்பட்டது. அந்த விளையாட்டு கடந்தகாலத்துக்குச் சென்று ஸ்னேக்கின் முகத்தை ரசிகர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2008-இல் வந்த நான்காம் பாகத்தில் ரெய்டன் சைபோர்க்காக, அதாவது உடலின் பெரும்பகுதி இயந்திரமாக மாற்றப்பட்டவனாக, வாளேந்தி வந்து பகை இயந்திரங்களைத் துண்டாடியபோது ஆரவாரம் எழுந்தது. 2013-இல் பிளாட்டினம் கேம்ஸ் உருவாக்கிய ‘ரைசிங்’ விளையாட்டில் அவனே தனி நாயகனானான். ரசிகர்கள் கடைசியில் ஏற்றுக்கொண்டது, அவர்கள் வெறுத்த அந்தத் தடுமாறும் இளைஞனை அல்ல, அவனுடைய பலவீனங்களையெல்லாம் இரும்பால் மூடிய பிறகு எஞ்சிய வீரனை. இதை நல்லிணக்கம் என்று கொண்டாடுவதற்கில்லை.

முன்னோட்டத்தில் ஒரு முகத்தையும் விளையாட்டில் வேறொரு முகத்தையும் காட்டும் வழக்கம் அதோடு முடியவில்லை. 2020 ஜூன் 19 அன்று நாட்டி டாக் நிறுவனத்தின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்: பார்ட் 2’ வெளிவந்தது. முதல் பாகத்தின் நாயகன் ஜோயல், எல்லி என்ற சிறுமியைக் காப்பாற்ற மருத்துவமனையில் ஓர் அறுவை மருத்துவரைக் கொன்றவன். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே அந்த மருத்துவரின் மகள் ஆபி அவனைக் கால்ஃப் மட்டையால் அடித்துக் கொல்கிறாள், பின்னர் விளையாட்டின் ஏறக்குறைய பாதியை அவளாகவே ஆட வேண்டியிருக்கிறது. முன்னோட்டத்தில் எல்லிக்குத் துணையாக ஜோயல் வந்து நின்ற ஒரு காட்சியில், விளையாட்டில் நிற்பவன் ஜெஸ்ஸி என்ற வேறு பாத்திரம். ரெய்டனை ஏசியவர்கள் பாத்திரத்தையும் படைப்பாளியையும் ஏசினார்கள். இம்முறை கோபம் ஆபிக்குக் குரலும் நடிப்பும் தந்த லாரா பெய்லிமீது திரும்பி, அவருக்கும் அவருடைய கைக்குழந்தைக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. தம் கையால் நடத்திய ஒருவனை இழந்த துயரம் எவ்வளவு உண்மையானதாயினும், எழுதப்பட்ட கதையை நடித்த ஒரு பெண்ணை மிரட்டுவதற்கு அது சிறிதளவும் நியாயம் ஆகாது.

2001-இன் ரசிகர்கள் விளம்பரத்தைக் குறித்துச் சொன்ன குறை முற்றிலும் நியாயமானது. ரெய்டனின் தோற்றத்தைக் குறித்துச் சொன்னது நியாயமற்றது. ஸ்னேக்காக இருக்க முடியவில்லையே என்று அவர்கள் பட்ட வேதனையோ அந்தப் படைப்பின் மிகச் சரியான வாசிப்பு. 2023 அக்டோபரில் வந்த ‘மாஸ்டர் கலெக்‌ஷன்’ முதல் தொகுப்பில் இந்த விளையாட்டு மறுபடி கிடைக்கிறது. டேங்கர் பகுதியை விட்டுவிட்டு நேரே பிக் ஷெல்லில் தொடங்கும் வசதியும் உண்டு. புதிதாக விளையாட முன்வருவோர் அந்த வசதியைப் பயன்படுத்தாமல், 1998-இன் பாகத்தை முதலில் முடித்து, டேங்கரில் ஸ்னேக்கோடு இருந்துவிட்டு, அதன்பிறகே ரெய்டனைச் சந்திப்பது நல்லது.