வெனிலா இல்லாத வெனிலா ஸ்கோன்

சனிக்கிழமை மாலை பினாங்கின் ஜுரு டோலை விட்டு இறங்கி ஆட்டோ சிட்டிப் பக்கம் வண்டியைத் திருப்பினால் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. மீனுக்கும் கெராங் சிப்பிக்கும் பேர்போன கோலா ஜுரு கூப்பிடு தூரத்தில் இருந்தும், இளவட்டங்கள் தேடிப் போய் உட்காருவது குளிரூட்டிய கோப்பிக் கடைகளில்தான். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சிறு முக்கோணங்களாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்: மேலே வெள்ளைச் சீனிப் பூச்சு, பூச்சில் கருப்புப் புள்ளிகள், முன்னால் 'வெனிலா ஸ்கோன்' என்று ஒரு சீட்டு. அதை வீட்டிலேயே சுடுவது எப்படி என்று எழுதச் சொன்னார்கள். சுடுவது எளிதுதான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். என்னை உறுத்துவது அந்தக் கருப்புப் புள்ளிகள். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஸ்கோன் நமக்குப் புதிதல்ல. 1885இல் சார்க்கீஸ் சகோதரர்கள் ஜார்ஜ்டவுன் கடற்கரையில் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டல் காலத்திலிருந்தே வெள்ளைக்காரரின் மாலைத் தேநீர் பழக்கம் பினாங்குத் தீவுக்குத் தெரியும். கேமரன் மலைக்குப் போகிற எவரும் தேநீரோடு ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் சாப்பிடாமல் இறங்குவதில்லை. அந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் நம் பாட்டிமார். மேசையில் என்ன பரிமாறினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு கட்டுரை. அந்த ஆங்கிலேய ஸ்கோன் வட்டமானது, சீனி குறைந்தது, ஜாமை நம்பி நிற்பது. கோப்பிக் கடை முக்கோணம் அமெரிக்கப் பிறவி. இனிப்பு அதன் தலையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும்.

செய்முறைக்கு வருவோம். கோதுமை மாவு 300 கிராம், சீனி 70 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றைக் கலந்து, 115 கிராம் வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, பட்டாணி அளவுக்கு உதிரும்வரை விரல் நுனியால் தேய்க்க வேண்டும். ஒரு முட்டையை 120 மில்லி குளிர்ந்த கிரீமில் அடித்து ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோலப் பிசைந்தால் பசைத்தன்மை ஏறி ஸ்கோன் ரப்பராகிவிடும். நம் வீட்டுப் பெண்கள், ஏன், ஆண்களும் சறுக்குவது இந்த இடத்தில்தான். மாவு என்றால் அடித்துப் பிசைந்தே பழகிய கைகள்.

வெண்ணெய் ஏன் துண்டாகவே இருக்க வேண்டும்? அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். ஓவன் சூட்டில் துண்டு உருகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்குகிறது. துண்டு இருந்த இடம் ஓட்டையாகி, அடுக்கடுக்காகப் பிரிகிறது. துண்டு ஓவனுக்கு வெளியிலேயே உருகிவிட்டால் கிடைப்பது ஸ்கோன் அல்ல, தடித்த பிஸ்கெட்டு. வெண்ணெய் உருகத் தொடங்குவது 32 டிகிரியை ஒட்டி. பினாங்கின் பகல் வெயிலும் அதேதான். ஆகவே இங்கே மாவைக் கலப்பதை விடியற்காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். மாவுக் கிண்ணத்தையும் முன்கூட்டியே ஐஸ் பெட்டியில் வையுங்கள். மாவை இரண்டு வட்டமாக, இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் தட்டி, ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டி, இருபது நிமிடம் உறைபெட்டியில் விட்டு, பிறகு 200 டிகிரியில் பதினைந்து நிமிடம் சுட்டால் போதும். மார்ஜரின் போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்பார்கள். இல்லைதான். வாசனையும் இல்லை.

இனி பூச்சு. 200 கிராம் ஐசிங் சீனியில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பாலோ கிரீமோ விட்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, தோசை மாவைவிடக் கெட்டியாகக் கலக்க வேண்டும். நன்றாக ஆறிய ஸ்கோனைத் தலைகீழாக முக்கி எடுக்க வேண்டும். சூட்டோடு முக்கினால் பூச்சு வழிந்து தட்டில் நிற்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மழை நாளில் பூச்சு காயாமல் பிசுபிசுக்கும். அன்று பாலை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான் ஸ்கோன். இனி வெனிலா.

கடையில் வாங்கும் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'பெரிசா வெனிலா' என்று மலாயில் போட்டிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீரும், கரைப்பானும், நிறமும், வெனிலின் என்ற ஒற்றை வேதிப்பொருளும்தான். 1874இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் டீமானும் ஹார்மானும் பைன் மரச் சாற்றிலிருந்து வெனிலினைச் செய்து காட்டினார்கள். பிறகு காகித ஆலைக் கழிவிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பகுதி எண்ணெய்ப் பொருள்களிலிருந்து பிறக்கிறது. உலகம் தின்கிற வெனிலா சுவையில் கொடியில் காய்த்தது நூற்றில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் அந்தக் கருப்புப் புள்ளி? வெனிலாக் காயைப் பிளந்தால் உள்ளே கடுகைவிடப் பொடியான விதைகள் இருக்கும், அவைதான். ஆனால் சாறு முழுவதும் இறக்கியெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையையும் விதையையும் தனியே காயவைத்து விற்கிறார்கள். அதில் மணம் கிடையாது. கண்ணுக்கு மட்டும் வேலை செய்யும். உணவுத் தொழிலில் இது ஊரறிந்த சரக்கு. செயற்கை மணமும் சக்கைப் புள்ளியும் சேர்ந்தால் 'அசல் வெனிலா' தோற்றம் தயார். எந்தக் கடை அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. புள்ளியைப் பார்த்து நம்பாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இதில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்கலாம். பினாங்கு வாசனைப் பொருளால் எழுந்த ஊர். 1800ஐ ஒட்டி, லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் பயின்ற கிறிஸ்டோபர் ஸ்மித், மொலுக்கஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டார். பாலிக் புலாவில் இன்றும் ஜாதிக்காய்ச் சாறு விற்கிறார்கள். பட்டையை மோந்து பார்த்தே தரம் சொல்லும் மளிகைக்காரர்கள் லிட்டில் இந்தியாவில் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் வெனிலா என்றால் என்ன மணம் என்று அறியாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. செயற்கையை முதலில் சுவைத்த பிள்ளைக்கு அசலைக் கொடுத்தால் "இது வெனிலா மாதிரி இல்லையே" என்கிறது. என் கவலை இதுதான்.

அந்தக் காய்க்குப் பின்னால் இருக்கும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. வெனிலா ஒரு ஆர்க்கிட் கொடி, மெக்சிகோவுக்குச் சொந்தம். அதன் பூ ஒரே ஒரு நாள் விரியும். அதற்குள் மகரந்தம் சேராவிட்டால் உதிர்ந்துவிடும். மெக்சிகோவுக்கு வெளியே கொடி வளர்ந்தது, காய்க்கவில்லை. 1841இல் ரீயூனியன் தீவில், எட்மண்ட் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவுக்குள்ளேயே மகரந்தத்தைச் சேர்க்கும் வித்தையைக் கண்டுபிடித்தான். இன்றுவரை உலகமெங்கும் ஒவ்வொரு பூவுக்கும் அதே விரல் வேலைதான். அவன் செல்வம் காணவில்லை. 1880இல் வறுமையிலேயே இறந்தான். அவன் விடுதலையானது 1848இல். அதன் பிறகு அந்தத் தீவின் தோட்டங்களுக்குப் பெருந்திரளாக ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் நம்மவர்கள். ரீயூனியனின் செயிந்த் ஆந்த்ரே பக்கம் இன்றும் தமிழர் கோயில்கள் இருக்கின்றன. ரப்பர் காட்டில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம்.

தமிழ்நாட்டு விவசாயிகளும் வெனிலாவில் சூடுபட்டவர்கள்தான். 2000இல் மடகாஸ்கரைப் புயல் தாக்கி வெனிலா விலை ஏறியதும், கேரளத்திலும் கர்நாடகத்திலும் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் ஊடுபயிராகக் கொடி ஏறியது. 2003 வாக்கில் பச்சைக் காய் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போனது. ஓரிரு ஆண்டில் விலை தரைதட்டியது. விலை ஏறிய காலத்தில் வாங்குபவர்கள் செயற்கைக்குத் தாவியிருந்தார்கள், திரும்பி வரவில்லை. பலர் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். 2018இல் மீண்டும், பதப்படுத்திய காய் கிலோ 600 டாலரைத் தாண்டி வெள்ளியைவிட விலையேறியது, மறுபடியும் சரிந்தது. காய் பறித்துப் பதப்படுத்த மாதக் கணக்காகும் ஒரு பயிருக்கு இப்படி விலை ஆடினால் யார் நடுவார்கள்? நாம் வாங்கும் மலிவுப் புட்டிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

மறுதரப்பும் இருக்கிறது. மருத்துவர்களைக் கேட்டால், வெனிலாவை விடு, சீனியைப் பார் என்பார்கள். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது கூடுதல் என்பது பழைய செய்தி. உண்மைதான், ஒரு துண்டோடு நிறுத்துங்கள். அடுமனைக்காரர்களோ, ஓவன் சூட்டில் நுண்ணிய மணங்களெல்லாம் பறந்துவிடும், அசலென்ன நகலென்ன என்பார்கள். இதில் பாதி நியாயம் உண்டு. சுட்ட மாவுக்குள் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் சீனிப் பூச்சு ஓவனையே பார்ப்பதில்லை. அதில் போட்ட மணம் அப்படியே நாக்குக்கு வரும். எனவே மாவுக்கு மலிவுப் புட்டியே போதும், வேண்டாம் என்றாலும் சரி. காசைப் பூச்சில் செலவழியுங்கள்.

வாங்கும்போது கவனம். அமெரிக்க விதிப்படி அசல் சாறு என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் காயும் குறைந்தது 35 விழுக்காடு சாராயமும் இருக்க வேண்டும். ஹலால் பார்க்கும் வீடுகளுக்கு விற்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள். அவர்கள் முழுக் காயாகவே வாங்குவது நல்லது. காய் வளைத்தால் ஒடியாமல், தோல் மினுமினுப்பாக இருக்க வேண்டும். இந்த அளவுப் பூச்சுக்கு அரைக் காய் போதும். நீளவாக்கில் கீறி, கத்தி முதுகால் விதையை வழித்து, கிரீமில் லேசாகச் சூடாக்கி ஆறவிட்டுச் சேருங்கள். வழித்த தோலைச் சீனிப் புட்டிக்குள் செருகி வைத்தால் அடுத்த மாதக் கேக்குக்கு வாசனைச் சீனி ரெடி.

காய் வாங்க வசதியில்லையா, பூச்சுக்குப் போலியைத் தேடாதீர்கள். வேலியோரப் பாண்டான் இலை இரண்டை முடிச்சிட்டு அதே கிரீமில் காய்ச்சுங்கள். பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே பொருள்தான் அதிலும் இருக்கிறது. பாண்டான் ஸ்கோன் என்று சொல்லியே பரிமாறுங்கள். அது வேறொன்றாக நடிப்பதில்லை.

ஜுருவிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் வீட்டிலிருந்தே சுட்டு விற்கிற அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு ஆர்டர் எடுக்கும்போது, எந்த வெனிலா போட்டீர்கள் என்பதைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். அசல் என்றால் இரண்டு ரிங்கிட் கூட வாங்கிக்கொள்ளுங்கள். நகல் என்றால் அதையும் எழுதுங்கள்.