வகுப்பறையில் ஒரு கொலை வழக்கு!

மாடிப்படியில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அவன் கையில் கண்ணாடித் தம்ளர் இருக்கிறது. "குடிபோதையில் கால் வழுக்கி விழுந்து விட்டார்" என்று மனைவி அழுகிறாள்.

அது விபத்தா? கொலையா?

துப்பு துலக்குகிறவர்கள் போலீசார் அல்ல. பள்ளிக்கூட மாணவர்கள்! நடப்பது நிஜ வழக்கும் அல்ல. அது ஒரு கட்டுரைப் பாடம்.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், ஜார்ஜ் ஹில்லாக்ஸ். ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆதாரம் காட்டி எழுதுவது எப்படி என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அவர் இந்தத் துப்பறியும் முறையைக் கையாண்டார். 2011-ம் ஆண்டில் அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

மாடிப்படி வழக்கு, அவர் கட்டிய கதை அல்ல. லாரன்ஸ் டிரீட் என்ற துப்பறியும் கதை எழுத்தாளர், 1981-ல் வெளியிட்ட படப் புதிர் புத்தகத்தில் வருவது.

"இருந்தால் என்ன?"

மாணவர்களிடம் ஒரு படம் கொடுக்கப்படும். கூடவே சிறு குறிப்பும் உண்டு.

கணவனோடு சண்டை போட்டுவிட்டு மனைவி கிளப்பில் நடந்த விருந்துக்குப் போனாள். இரவு 1 மணிக்குச் சற்று முன்பு அங்கிருந்து புறப்பட்டாள். நண்பர்கள் சிலரையும் வீட்டுக்கு வரச்சொன்னாள். அவர்கள் 10 நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தார்கள். கணவன் பிணமாகக் கிடந்தான். தலையில் காயம். அவன் குடித்திருந்தது பிரேத பரிசோதனையில் உறுதியானது.

"அவள்தான் கொன்றாள்!" என்று ஒரு பையன் கத்துவான்.

"எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று ஆசிரியர் கேட்பார்.

"கையில் தம்ளர் அப்படியே இருக்கிறது."

"இருந்தால் என்ன?"

பையன் திகைப்பான். அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் வாயில் வராது. அதை வரவழைப்பதுதான் பாடம்.

"படியில் விழுகிறவன் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு, எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்ப்பான்."

இப்போது மூன்றும் வந்துவிட்டன. கையில் இருந்த தம்ளர், ஆதாரம். விழுகிறவன் கையில் உள்ளதை விட்டுவிடுவான் என்பது, எல்லோருக்கும் பொதுவான விதி. ஆகவே அவன் படியில் தவறி விழுந்திருக்க மாட்டான் என்பது, முடிவு.

வாதத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறையை 1958-ல் ஒரு நூலில் விளக்கியவர், இங்கிலாந்து தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின். ஹில்லாக்ஸ் அந்த முறையைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்.

"அநேகமாக"

சண்டை இத்துடன் தீராது. "குடிகாரன் உயிரை விட்டாலும் தம்ளரை விடமாட்டானே!" என்று இன்னொரு மாணவன் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடனே மற்றவர்கள் வேறு ஆதாரம் தேடுவார்கள். சுவரில் உள்ள பொருள்கள் கலையாமல் இருக்கின்றன. உருண்டு விழுகிறவன் சுவரில் கை வைத்திருக்க மாட்டானா?

கடைசியில் அறிக்கை எழுத வேண்டும். அதில் "நிச்சயமாக" என்று எழுதுவதா, "அநேகமாக" என்று எழுதுவதா? அந்த ஒரு சொல்லுக்காக வகுப்பே வாதாடும்.

சாதாரணமாக, கட்டுரை என்றால் முதலில் ஒரு கருத்து. பிறகு அதற்கு ஆதாரம் தேடுவது. ஹில்லாக்ஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். முதலில் பார். பிறகு முடிவு செய் என்றார்.

பெருவிரல் ரேகை

ஆதாரம் எதுவரை செல்லும் என்பதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு.

கைரேகைகளைச் சேர்த்து வைக்கும் அலுவலகம் 1897-ல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு, வங்காளத்தில் ஜல்பைகுரி பகுதியில் ஒரு தேயிலைத் தோட்ட மானேஜர் கொலை செய்யப்பட்டார். பணம் திருட்டுப் போயிருந்தது. அங்கு கிடந்த பஞ்சாங்கத்தில் ரத்தக் கறையோடு ஒரு ரேகை பதிந்திருந்தது. அது பழைய வேலைக்காரன் ஒருவனின் வலது கைப் பெருவிரல் ரேகையோடு அப்படியே பொருந்தியது.

கோர்ட்டு அவனைத் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டித்தது. கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கவில்லை. பஞ்சாங்கத்தை அவன் தொட்டான் என்பதை ரேகை காட்டியது. கத்தியை எடுத்தவன் அவன்தான் என்று அது சொல்லவில்லை. கொலையைப் பார்த்த சாட்சியும் இல்லை.

பாண்டியன் செய்த பிழை

சிலப்பதிகாரம் தெரிந்த தமிழருக்கு இது புதிய பாடம் அல்ல.

பாண்டியனிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. கோவலனிடம் சிலம்பு இருந்தது. ஆனால் "இப்படி ஒரு சிலம்பு அரசியிடம் மட்டுமே இருக்கும்" என்று மன்னன் மனதுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டான். "அது சரியா?" என்று அவன் யாரையும் கேட்கவில்லை. பொற்கொல்லன் சொன்னான், கோவலன் தலை போயிற்று.

கண்ணகி வந்து அந்த விதியைத்தான் உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகி உடைத்த சிலம்பில் தெறித்தது மாணிக்கம். உண்மை தெரிந்தது. ஆனால் போன உயிர் திரும்பவில்லை.

மனு எழுதும்போது...

இந்தப் பாடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. அறிக்கை எழுதும் குமாஸ்தாவுக்கும் உதவும். ஊர் விட்டு ஊர் வந்து மனு எழுதும் தொழிலாளிக்கும் உதவும்.

கூலி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதினால், படிக்கும் அதிகாரி "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்பார்.

வருகை அட்டையில் 26 நாள் வேலை பதிவாகி இருக்கிறது. சம்பளச் சீட்டில் 24 நாள் கூலிதான் இருக்கிறது. இவை ஆதாரம். வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் கூலி உண்டு. இது விதி. ஆகவே 2 நாள் கூலி பாக்கி. இது முடிவு. மனுவுக்கு இவ்வளவு போதும். அட்டை, சீட்டு இரண்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

"மேஸ்திரி எடுத்துக்கொண்டார்" என்று எழுதக் கை துடிக்கும். பொறுக்க வேண்டும். 2 நாள் கூலி வரவில்லை என்பதற்குத்தான் அட்டையும் சீட்டும் சாட்சி. யார் எடுத்தார் என்பதற்கு அவை சாட்சி அல்ல. கணக்கு எழுதியவர் கை தவறியும் இருக்கலாம். அந்த ஒரு வரியை எழுதினால், பாக்கிக் கூலியை விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் விசாரணை நடக்கும்.