சீக்வெல்லா, எஸ்-க்யூ-எல்லா? டெக் பெயர்களை எப்படித்தான் சொல்றது?

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எவ்வளவு நெருக்கமாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுத்திருக்கிறோம்.)

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்க நாம எழுதுற குவெரி மொழி இருக்கு இல்லையா, அதுக்கு என்ன பேர்? பாதிப் பேர் மனசுல "சீக்வெல்"னு சொல்லியிருப்பீங்க. மீதிப் பேர் "எஸ்-க்யூ-எல்". அடுத்த கூட்டம் சொல்றதைக் கேட்டா ரெண்டு பக்கமும் லேசா முகம் சுளிக்கும்.

அந்த முகச்சுளிப்புதான் இன்னைக்கு டாபிக். கேட்க சில்லறை விஷயம் மாதிரி இருக்கும். ஆனா அதுக்குப் பயந்தே மீட்டிங்ல வாய் திறக்காம உட்கார்ந்திருக்கிறவங்க உண்டு. பதில் தெரியும், டூல் தெரியும், அந்த டூலோட பேரை எப்படிச் சொல்றதுன்னு மட்டும் தெரியாது. அதனால இந்தப் பெயர்களோட "சரியான" உச்சரிப்பு எங்க இருந்து வருது, அதை யார் முடிவு பண்றாங்கன்னு கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

எழுத்தெழுத்தாவா, ஒரே வார்த்தையாவா?

சுருக்கப் பெயர்களைச் சொல்ல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எழுத்தெழுத்தா சொல்றது: சி-பி-யூ, யு-எஸ்-பி, ஹெச்-டி-எம்-எல். இன்னொண்ணு, சேர்த்து ஒரே வார்த்தையா படிக்கிறது: ரேம், லேன், ஆஸ்கி. ரெண்டும் கலந்ததும் உண்டு. ஜே-பெக்ல முதல் எழுத்து தனி, மீதி வார்த்தை.

எது எந்தப் பக்கம் போகும்னு பெரும்பாலும் நாக்குதான் முடிவு பண்ணுது. நடுவுல உயிரெழுத்து சரியா விழுந்தா சேர்த்துப் படிப்போம், இல்லன்னா உடைச்சுப் படிப்போம். நம்ம ஊர்லயே பாருங்க. டாஸ்மாக், சிப்காட், நீட் எல்லாம் ஒரே வார்த்தை. டி-என்-பி-எஸ்-சியைச் சேர்த்துச் சொல்ல யாரும் ட்ரை பண்றதில்ல.

இந்தச் சண்டை தமிழ்ச் சுருக்கங்கள்ல வரவே வராது. தி.மு.க.வை எழுத்தெழுத்தா படிச்சாலும் "திமுக", சேர்த்துப் படிச்சாலும் "திமுக". உ.வே.சா.வும் அப்படித்தான். தமிழ்ல எழுத்தோட பேரும் அதோட ஒலியும் ஒண்ணுதான், ஒவ்வொரு எழுத்தும் தானாவே வாயில நிக்கும். இங்கிலீஷ்ல அப்படி இல்ல. எழுத்தோட பேர் "எஸ்", வார்த்தைக்குள்ள அதோட ஒலி "ஸ்". பேருக்கும் ஒலிக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளியில தான் எல்லாக் குழப்பமும் குடியிருக்கு. "வேர்ல்ட் வைட் வெப்"னு சொன்னா மூணு அசை. சுருக்கி "டபிள்யூ டபிள்யூ டபிள்யூ"ன்னா ஒன்பது அசை! சுருக்கினதே நீளமாயிடுச்சு.

சீக்வெல் கதை

சரி, சண்டைக்கு வருவோம். 1974-ல் ஐ.பி.எம்.மில் இருந்த டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ஒரு புது மொழியைப் பத்தி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. பேர் "ஸ்ட்ரக்சர்டு இங்கிலீஷ் குவெரி லாங்குவேஜ்". அதைச் சுருக்கி ஆறு எழுத்துல எழுதினாங்க. படிச்சா "சீக்வெல்". அதாவது அப்போ அது நிஜமாவே சீக்வெல்தான்.

அப்புறம் பார்த்தா, அந்தப் பேர் ஹாக்கர் சிட்லிங்கிற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தோட ட்ரேட்மார்க். அதனால பேரை மாத்த வேண்டியதாச்சு. ஆறு எழுத்துல இருந்து மூணு உயிரெழுத்தையும் எடுத்துட்டாங்க, மீதி எஸ், க்யூ, எல். எழுத்துல உயிர் போச்சு, வாயில போகல. பழைய ஆளுங்க பழைய பேரையே சொன்னாங்க, அவங்ககிட்ட கேட்டுக் கத்துக்கிட்டவங்களும் அதையே சொன்னாங்க. புத்தகத்துல மூணு எழுத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டவங்க, இயல்பா, மூணு எழுத்தாவே படிச்சாங்க.

ஆக ரெண்டுமே தப்பு இல்ல. "சீக்வெல்" காதால வந்த பேர், "எஸ்-க்யூ-எல்" கண்ணால வந்த பேர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

இந்த மொழியோட குடும்பத்துக்குள்ளயே ஒற்றுமை கிடையாது. மை-எஸ்-க்யூ-எல் டாக்குமென்டேஷன்ல, எழுத்தெழுத்தா சொல்றதுதான் அதிகாரபூர்வம், ஆனா நீங்க "மை சீக்வெல்"னு சொன்னாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதியிருக்காங்க. அந்த "மை"க்கு "என்னுடைய"ன்னு அர்த்தம் இல்ல. அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான மான்ட்டி விடேனியஸ், தன் மகளோட பேரை வெச்சது அது. போஸ்ட்கிரெஸ் இன்னும் சுவாரஸ்யம். இங்கிரெஸ்னு ஒரு பழைய டேட்டாபேஸுக்குப் பின்னாடி வந்ததால போஸ்ட்-கிரெஸ். 1996-ல் இந்தக் குவெரி மொழியோட பேரையும் ஒட்டினாங்க. இப்போ அதிகாரபூர்வ உச்சரிப்பு "போஸ்ட்-கிரெஸ்-க்யூ-எல்". ஒரே ஒரு எஸ், ரெண்டு பேருக்கும் பொது!

உருவாக்கினவர் சொன்னா முடிஞ்சுதா?

"படைச்சவர் என்ன சொல்றாரோ அதுதான் சரி"ன்னு ஒரு வாதம் இருக்கு. நியாயமாத்தான் தெரியும், ஜிஃப் கதையைக் கேட்கிற வரைக்கும்.

1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனத்துல இருந்து வந்த இமேஜ் ஃபார்மட் அது. உருவாக்கினவர் ஸ்டீவ் வில்ஹைட். 2013-ல் அவருக்கு வெபி விருது கொடுத்தப்போ மேடையில திரையில ஒரு அனிமேஷனைப் போட்டுச் சொன்னார்: உச்சரிப்பு "ஜிஃப்"தான், "கிஃப்" இல்லன்னு. படைச்சவரே தீர்ப்பு சொல்லிட்டார். அதுக்கப்புறமும் உலகத்துல பெரிய கூட்டம் க-வை விடல.

அவங்க பக்கம் நியாயம் இல்லாமலும் இல்ல. முதல் எழுத்து "கிராஃபிக்ஸ்"ல இருந்து வருது, அங்க க-தானே? இதுக்கு எதிர்வாதமும் ரெடி: ஜே-பெக்ல பி எழுத்து "ஃபோட்டோகிராஃபிக்"ல இருந்து வருது, யாரும் "ஜே-ஃபெக்"னு சொல்றதில்லையே? இங்கிலீஷ் எழுத்துமுறையும் உதவிக்கு வராது. அந்த எழுத்துக்குப் பின்னாடி இ, ஐ வந்தா ஃபிரெஞ்சு, லத்தீன் வழியா வந்த வார்த்தைகள்ல பொதுவா ஜ ஒலி: ஜெம், ஜின்ஜர். பழைய ஜெர்மானிய வேர்ல இருந்து வந்த வார்த்தைகள்ல க ஒலி: கெட், கிவ், கேர்ள். புதுசா ஒரு பேர் வந்தா எந்த வரிசையில நிக்கணும்னு அதுக்கே தெரியாது. தமிழ்லயும் ஒரே க பல ஒலி எடுக்கும். கல், அங்கு, அகம்னு சொல்லிப் பாருங்க, மூணும் வேற வேற. ஆனா நமக்கு இடத்தைப் பார்த்தாலே ஒலி தெரிஞ்சுடும். இங்கிலீஷ்ல வார்த்தையோட பூர்வீகம் தெரியணும்.

படைச்சவர் சொன்னதை ஊர் கேட்ட கதைகளும் இருக்கு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவிச்ச க்னூ திட்டத்துல முதல் எழுத்தை விழுங்காம "க்னூ"ன்னு சொல்லணும். இல்லன்னா "நியூ"ன்னு கேட்டு, க்னூ சிஸ்டம் புது சிஸ்டம் ஆயிடும். லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸைத் தான் எப்படிச் சொல்றேன்னு ஒரு சின்ன ஆடியோவா ரெக்கார்ட் பண்ணியே வெளியிட்டார். எஞ்சின்-எக்ஸ் சர்வர் பேரை எழுத்துல பார்த்தா "என்-ஜிங்க்ஸ்"னுதான் படிக்கத் தோணும். யாராவது சொல்லிக் கேட்டாதான் புரியும்.

எனக்குப் பிடிச்சது டொனால்ட் கனூத் உருவாக்கின டெக் அச்சுக்கோப்பு மென்பொருள். பார்க்க கடைசியில எக்ஸ் மாதிரி இருக்கும், ஆனா அது கிரேக்க எழுத்து. கிரேக்கத்துல கலை, கைத்திறன் ரெண்டுக்குமான சொல்லோட தொடக்கம் அது. தொண்டையை உரசிக்கிட்டு வர்ற அந்த ஒலியைச் சொல்ல பல இங்கிலீஷ்காரங்க திணறுவாங்க. நாம "எஃகு"ன்னு சொல்லும்போது ஃ-ல வர்ற காத்து அதுக்குக் கொஞ்சம் பக்கத்துல வரும். அதுமேல லெஸ்லி லாம்போர்ட் கட்டினதுதான் லாட்டெக். சிலர் "லேட்டெக்"னும் சொல்வாங்க. அவர் இந்த விஷயத்துல யாரையும் கட்டாயப்படுத்தல.

யாருமே சொல்லிக் கொடுக்காத பேர்கள்

சில பேர்கள் சொல்றதுக்காகப் பிறக்கவே இல்ல, டைப் பண்றதுக்காகப் பிறந்தது. சி மொழியில ஒரு எழுத்தை வைக்கிற டேட்டா டைப்பை எடுத்துக்கோங்க. "கேரக்டர்"ல இருந்து வந்ததால "கேர்"னு சிலர். எழுத்தைப் பார்த்து "சார்"னு சிலர். தமிழ்ல எழுதினா அது மரியாதையாவே ஆயிடுது. லினக்ஸ்ல கான்ஃபிகரேஷன் ஃபைல் எல்லாம் இருக்கிற ஃபோல்டர் "எட்-சி"யா, "ஈ-டி-சி"யா, "எட்செட்ரா"வா?

கூபர்நெட்டீஸ் கிரேக்கத்துல கப்பலோட்டி. அதை இயக்குற கமாண்டுக்கு நான் கேட்ட வரைக்கும் மூணு பேர்: "கியூப் கன்ட்ரோல்", "கியூப் சி-டி-எல்", "கியூப் கட்டில்". மூணாவதைத் தமிழ்ல கேட்டா தூக்கம்தான் வரும். இதுல யாரு தப்பு? ஒவ்வொரு டீமும் தனக்குக் கிடைச்ச எழுத்தை வெச்சு ஒரு ஒலியைக் கண்டுபிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

ஊர் வித்தியாசமும் சேர்த்துக்கோங்க. பிரிட்டன்ல "ரூட்டர்", அமெரிக்காவுல "ரவுட்டர்". அங்க "ஸெட்", இங்க "ஸீ", நம்ம தெருவுல "இசட்". கேஷ் மெமரியைப் பல ஆஸ்திரேலியர்கள் "கேய்ஷ்"னு இழுப்பாங்க, நம்ம ஆபீஸ்கள்ல "கேச்சே"ன்னும் கேட்டிருப்பீங்க. அகராதிப்படி அது பணத்தைக் குறிக்கிற "கேஷ்" மாதிரியேதான் ஒலிக்கணும். ஆனா பேமென்ட் சிஸ்டம்ல வேலை பார்க்கிற ஒரு டீமை நினைச்சுப் பாருங்க. "கேஷ் கிளியர் பண்ணிட்டேன்"னு ஃபோன்ல ஒருத்தர் சொன்னா, மெமரியா, பணமா? அங்க அந்த "தப்பான" கேச்சேதான் குழப்பம் இல்லாத உச்சரிப்பு.

மெஷின் படிக்கும்போது

இதுல நிஜமாவே கஷ்டப்படுற ஒரு கூட்டம் இருக்கு. பார்வையற்ற புரோகிராமர்கள் ஸ்கிரீன் ரீடர் வழியா கோட் கேட்கிறாங்க. 2006-ல் ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டேவும் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. இதுல முக்கியமான இலவச மென்பொருள், ரெண்டு பேருமே பார்வையற்றவங்க. அதுல ஒரு பேச்சு அகராதி இருக்கு. இந்த வார்த்தை வந்தா இப்படிப் படின்னு பயனரே எழுதி வைக்கலாம். 2004-ல் வந்த குரல் தொகுப்புக்கான டபிள்யூ3சி தரநிலையிலயும், "இதை எழுதினபடி படிக்காதே, இப்படிப் படி"ன்னு சொல்ல ஒரு டேக் இருக்கு. உலகத்துக்கே பொதுவான ஒரு உச்சரிப்புப் பட்டியல் போட்டு முடிச்சுடலாம்னு தரநிலை எழுதினவங்க நினைக்கல. கேட்கிறவருக்கோ எழுதுறவருக்கோ மாத்திக்க வழி கொடுத்தாங்க. மனுஷங்களுக்கும் அதே வழிதான் சரின்னு நினைக்கிறேன்.

இப்போ நம்ம மீட்டிங்

காதால வந்த பேர், கண்ணால வந்த பேர்னு சொன்னேன் இல்லையா? வீட்டுலயோ காலேஜ்லயோ இந்த வார்த்தைகளைப் பேசுற ஆளுங்க நடுவுல வளர்ந்தவங்க காதால கத்துக்கிறாங்க. தமிழ் மீடியத்துல படிச்சு, ஹாஸ்டல்ல பி.டி.எஃப். பார்த்து, டாக்குமென்டேஷனைத் தனியா உட்கார்ந்து படிச்சு மேல வந்தவங்க கண்ணால கத்துக்கிறாங்க. ஒருத்தர் "என்-ஜிங்க்ஸ்"னு சொன்னா அதுக்கு அர்த்தம் அவருக்கு அது தெரியாதுன்னு இல்ல. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமலே கத்துக்கிட்டார்னுதான் அர்த்தம். இன்டர்வியூ எடுக்கிற இடத்துல நீங்க உட்கார்ந்திருந்தா, தயவுசெஞ்சு இதை மனசுல வைங்க. அவர் கான்ஃபிகரேஷன் சரியா எழுதுறாரான்னு பாருங்க, மார்க்கை அதுக்குப் போடுங்க.

பேசுற பக்கம் இருக்கிறவங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, புது டீம்ல முதல் வாரம் காதைத் திறந்து வைங்க, டீம் எப்படிச் சொல்லுதோ அதையே சொல்லுங்க. ரெண்டு, பிரசன்டேஷன் இருந்தா அந்த டூலை உருவாக்கினவங்களே பேசின வீடியோவை ரெண்டு நிமிஷம் கேளுங்க, போதும். மூணு, சந்தேகமா இருந்தா நிறுத்தாதீங்க. உங்களுக்கு வர்ற மாதிரி சொல்லிட்டு, "அதான், கூபர்நெட்டீஸ் கமாண்ட் லைன் டூல்"னு கூடவே சேர்த்துடுங்க. யாருக்கும் புரியாமப் போகாது.

கேட்கிற பக்கம் ஒரே ஒரு விஷயம். ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கும்போது நடுவுல மறிச்சுத் திருத்தாதீங்க. அவர் முடிச்சதும் உங்க பதில்ல உங்க உச்சரிப்பைப் பயன்படுத்துங்க. வேணும்னா அவரே எடுத்துப்பார். ஆள் பேரா இருந்தா கதை வேற. அங்க அவங்க எப்படிச் சொல்றாங்களோ அதுதான் சரி, தப்பாச் சொன்னா திருத்தணும். சாஃப்ட்வேருக்கு மனசு நோகாது, மனுஷங்களுக்கு நோகும்.

உங்க டீம்ல மட்டும் புழங்குற வினோத உச்சரிப்பு ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எழுதி அனுப்பாதீங்க, எழுதினா நான் எப்படிப் படிக்கிறது? அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.