மோசேக்குக் கொம்பு முளைத்தது எப்படி? 'அங்கீகரிக்கப்பட்ட' பைபிளில் தவறே இருக்காதா?

ரோமில் உள்ள ஓர் ஆலயத்தில், மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலை உலகப் புகழ்பெற்றது. பார்ப்பவர்களைத் திகைக்க வைப்பது, தலையில் இருக்கும் இரண்டு கொம்புகள்!

மோசேக்கு எதுக்குக் கொம்பு? எல்லாம் ஒரு மொழிபெயர்ப்பு செய்த வேலை. மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளிர்ந்தது என்கிறது விடுதலைப் பயணம் 34-ம் அதிகாரம். அங்கே வரும் எபிரேயச் சொல்லுக்கும் 'கொம்பு' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம், 'கொம்புள்ள முகம்' என்று எழுதிவிட்டார்.

அதையா திருச்சபை ஏற்றது?

ஆமாம். ஜெரோமின் பெயரோடு இணைந்த 'வல்கேட்' லத்தீன் பைபிளை, 1546-ல் திரெந்து சங்கம் அதிகாரபூர்வமானது என அறிவித்தது. ஆனால், 'ஒரு சொல்கூடத் தப்பில்லை' என்பது அதன் பொருள் அல்ல. 1592-ல் திருச்சபையே திருத்திய பதிப்பை வெளியிட்டது.

1943-ல் திருத்தந்தை 12-ம் பயஸ் இதைத் தெளிவுபடுத்தினார். நம்பிக்கை, ஒழுக்கம் சார்ந்த விஷயங்களில் வல்கேட்டை நம்பிப் பயன்படுத்தலாம். அதற்குக் கிடைத்தது சட்டரீதியான அங்கீகாரம். மொழித் துல்லியத்துக்கு எபிரேய, கிரேக்க மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

இப்போது யார் ஓகே சொல்வது?

1983-ம் ஆண்டு திருச்சபைச் சட்டப்படி, புதிய மொழிபெயர்ப்பை வெளியிட வத்திக்கான் அல்லது ஆயர் பேரவையின் ஒப்புதல் வேண்டும். தேவையான விளக்கக் குறிப்புகளும் இருக்க வேண்டும். பிற சபையினருடன் சேர்ந்தும் மொழிபெயர்க்கலாம். தமிழில் 1995-ல் வந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு அப்படி உருவானதுதான்.

மொபைலில் படிப்பவர்கள் எதைக் கவனிக்கலாம்?

கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள். புராட்டஸ்டன்ட் பதிப்புகளில் பொதுவாக 66. தோபித்து, மக்கபேயர் போன்றவை ஆப்பில் இல்லையென்றால், அது கத்தோலிக்கப் பதிப்பு அல்ல. ஒப்புதல் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒப்புதல், 'இதை நம்பிப் படிக்கலாம்' என்கிற உறுதிதான். 'இனி திருத்தவே வேண்டாம்' என்கிற முத்திரை இல்லை.

அதற்குச் சாட்சி மோசேயேதான். 1979-ல் வத்திக்கான் வெளியிட்ட 'புதிய வல்கேட்'டில் அவர் முகம் ஒளிர்கிறது. கொம்பைக் காணோம்!