ஆசிரியராகப் போகும் பிள்ளைக்குக் குழு வேலை எதற்கு?



நமது அறக்கட்டளையின் உதவித்தொகையில் பி.எட். படிக்கும் ஒரு மாணவியின் தகப்பனார் சென்ற மாதம் அலுவலகத்திற்கு வந்தார். “செக்ரட்டரி பாய், ஃபீஸ் கட்டுறோம், பாடம் நடத்துறது காலேஜ் வேலைதானே? நாலு பிள்ளைங்களோட சேர்ந்து கம்ப்யூட்டர்ல பாடம் தயார் பண்ணணுமாம். லீவு நாள்லயும் போகணும்ங்கிறா. இனிமே அனுப்புறதா இல்லை” என்றார்.

அதே மாணவி மடிக்கணினி கேட்டுக் கொடுத்த மனுவை, “அவசியமில்லை” என்று எழுதித் திருப்பியவன் நான்தான். எனவே இந்த விளக்கம் அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத்தான்.

ஏன் அவசியம்?

2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. வகுப்பறைத் தொழில்நுட்பமும் அதில் ஒரு பகுதி. இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் பள்ளிக்குச் சென்று பாடம் நடத்த வேண்டும். தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு அச்சாகிறது. தீக்‌ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் பாடத்திற்கான வீடியோ வரும். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை வந்துவிட்டன. இவற்றைத் தொட்டுப் பழகாத ஆசிரியர் பிள்ளைகள் முன் தடுமாறுவார்.

ஏன் குழுவாக?

ஐந்து பேர் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் வீடியோ தேடுகிறார், ஒருவர் ஸ்லைடு தயாரிக்கிறார், ஒருவர் வினாத்தாள் அமைக்கிறார், ஒருவர் கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசிக்கிறார், ஒருவர் நடத்திக் காட்டுகிறார். வீடியோ எங்கே உதவும், எங்கே வேண்டாம் என்பது இந்த விவாதத்தில்தான் பிடிபடும். பிறை வளர்ந்து தேய்வதை வகுப்பிற்குள் கொண்டுவர முடியாது. அதற்குப் படம் வேண்டும். விதை முளைப்பதைக் காட்ட ஒரு கப்பும் ஈரப் பஞ்சும் போதும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மடிக்கணினி உள்ளவர் எல்லாவற்றையும் செய்துவிடுவார்; இல்லாதவர் அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கிவிடுவார். நம் மாணவிக்கும் முதல் ஆண்டில் இதுதான் நடந்தது என்று பிறகு அறிந்தேன். மனுவைத் திருப்பியபோது இது எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு மாற்றாக அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971-ல் எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் ஒரு முறையை உருவாக்கினார். கறுப்பின, வெள்ளையின, ஸ்பானிய வழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு, பகை மூண்டிருந்த நேரம் அது. பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தன் துண்டை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது ஒவ்வொருவரின் கடமை. ஒருவரை ஒதுக்கினால் எல்லோருக்கும் பாடம் குறையும். ‘ஜிக்சா’ என்று இதற்குப் பெயர்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. உஸ்தாத் நடத்திய ஸபக்கை இரவில் வட்டமாக அமர்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்போமே, தக்ரார்! நான் கிதாபுகளை உண்மையில் விளங்கிக்கொண்டது, பக்கத்தில் இருந்தவருக்கு விளக்க வேண்டி வந்தபோதுதான்.

நாம் செய்ய வேண்டியது

அந்தத் தகப்பனாரின் கவலையிலும் நியாயம் இருந்தது. அறிமுகமில்லாத வீடுகளுக்கு மகளை எப்படி அனுப்புவது? எனவே நிர்வாகக் குழுவில் பேசி, ஞாயிறு காலை பத்து மணி முதல் லுஹர் வரை நமது நூலக மாடியை மாணவிகளுக்கென ஒதுக்கியுள்ளோம். அலுவலக மடிக்கணினியும் அங்கே இருக்கும். முதல் ஞாயிறன்று அவரே மகளை அழைத்து வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அவளுடைய குழுவில் பிற சமயத்து மாணவிகளும் இருக்கிறார்கள், அவர்களும் வருகிறார்கள்.

ஐந்து பேருக்கு ஒரு கணினி போதாது. வீட்டில் பயன்படாமல் இருக்கும், இயங்கும் நிலையிலுள்ள மடிக்கணினியைத் தந்து உதவுங்கள். பெற்றோர்களே, “குழு வேலை” என்று பிள்ளை சொன்னால் உடனே மறுக்காதீர்கள். “உன் பங்கு என்ன? எனக்கும் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அவள் படித்திருக்கிறாள் என்று பொருள்.

கல்வியைப் பயனுள்ளதாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்